டேங்கில் விட்ட குச்சி

"போன வாரம் சனிக்கிழமை மொதலாளி டேங்கை ரொப்பினாராம். ஞாயித்துக்கெழம காலையில முள்ளு ஜீரோவுல நிக்குது. நான் திருடிட்டேன்னு வண்டியை ஷெட்டுல போட்டுட்டாரு. நீ கடை தொறக்கட்டும்னுதான் காத்துக்கினு இருந்து, இன்னிக்கு தள்ளிக்கினு வந்தேன் ஜெயராஜு" என்றார் டாக்சி டிரைவர் அருணகிரி.

மெக்கானிக் ஜெயராஜ், டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி வண்டியின் இரும்பில் தொட்டான். முள் விருட்டென்று ஏறியது.

"மீட்டர் நல்லாத்தான் கீது. உள்ள மிதக்குற டப்பா ஓட்டையாயி முழுகியிருக்கும்."

ஒரு குச்சியை டேங்கில் விட்டு எடுத்தான். முக்கால்வாசி நனைந்திருந்தது.

"அப்பாடா! மொதலாளியாண்ட நீயே வந்து சொல்லுப்பா."

ஜெயராஜ் குச்சியையே பார்த்தான்.

"அப்போ ஞாயித்துக்கெழமயும் பெட்ரோல் இருந்துச்சாண்ணே?"

அருணகிரியின் சிரிப்பு நின்றது.

அன்று விடிகாலையில் ஜெயராஜின் மனைவி சாராள், பிரசவ வலியோடு இதே காரில் படுத்திருந்தாள். "போய்ப் பாத்துடலாம்" என்றுதான் அருணகிரி சொன்னார். முள்ளைப் பார்த்த ஜெயராஜ்தான், "நடுவழியில நின்னுடும்ணே" என்று அவளை இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றினான். திருவள்ளூர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிணமாகத்தான் போய்ச் சேர்ந்தாள்.

"மெக்கானிக்குண்ணே நானு" என்றான் ஜெயராஜ். "ஒரு குச்சி உட்டுப் பாக்கலையே."