பதினாறு கழியுமுன் ஒரு பாட்டு

அன்று குற்றாலத்தில் அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் தென்காசி சிவனணைந்தபெருமாள், அவருக்குத் துணையாகப் போன சித்தப்பா மகன் வல்லிநாயகம், தங்கை சங்கரேஸ்வரி, அவள் புருஷன் சுடலைமணி. வேறு யாரும் இல்லை. பிறகு இதைத் தெருத்தெருவாகப் பேசியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே கீபோர்டும் பாட்டும் கேட்டன. அப்பா இறந்து பதினாறு இன்னும் கழியவில்லை. "சாரல் அடிக்கு, சன்னலச் சாத்து" என்று சங்கரேஸ்வரி இழுத்து இழுத்துப் பாடினாள். சுடலைமணி ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையை நீட்டிச் சன்னலைச் சாத்தினான்.

துக்க வீட்டில் பாட்டுக் கேட்கிறது என்று, அருவியில் குளிக்க வந்துபோன சுரண்டைக்காரர் ஒருவர் சொன்னபோது சிவனணைந்தபெருமாள் நம்பவில்லை. இப்போது தன் காதாலேயே கேட்டாகிவிட்டது.

இந்தப் பாட்டுதான் அவளை வீட்டை விட்டுக் கூட்டிப் போனது. ஐந்தருவி ரோட்டில் சிப்ஸ் கடை வைத்திருந்த சுடலைமணி, மழைக்கு ஆள் வராத நேரத்தில் விரல் போன போக்கில் எதையாவது வாசிப்பான். இவள் வாயில் வந்ததை அதில் போட்டுப் பாடுவாள். குரங்கு பழத்தைப் பிடுங்கினாலும் பாட்டு, யாரோ ஒருவரின் துண்டு அருவியோடு போனாலும் பாட்டு. எழுதி வைப்பதில்லை, மறுநாள் ஞாபகமும் இருப்பதில்லை. வெறும் விளையாட்டு. அந்த விளையாட்டுக்காகக் குடும்ப மானத்தை நடுத்தெருவில் விட்டுப் போனவள்.

இருந்தும், அப்பா இறந்த அன்று பழசை ஒதுக்கிவிட்டு அவர்தான் போன் செய்தார். சுடலைமணி எடுத்து, "அவளால வர முடியாது மச்சான், அவளுக்கு..." என்று ஆரம்பித்ததுமே வைத்துவிட்டார். பெற்ற அப்பனுக்கு வராதவள் என்ன காரணம் சொன்னால் என்ன? அவன் திரும்பத் திரும்ப அழைத்தும் எடுக்கவில்லை.

ஆனால் சங்கரிக்குச் சேலை எடுத்துக் கொடுக்காமல் தன் காரியத்தை முடிக்கக் கூடாது என்பது அப்பாவின் கடைசி வார்த்தை. அந்தச் சேலை இப்போது அவர் கையிலிருந்த பையில் இருந்தது. அவள் மரியாதையாக வாங்கிக்கொண்டால் பிறந்த வீடு உண்டு. இல்லையென்றால் இன்றோடு அறுந்தது.

அவர்களைக் கண்டதும் சுடலைமணி வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்தான். சங்கரேஸ்வரி எழவில்லை. வலக்கையை மடியில் முந்தானைக்குள் வைத்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பால்காரரைக்கூட "வாங்க" என்று அழைக்கும் வீட்டில் பிறந்தவள், கூடப் பிறந்தவரை ஒரு "வாங்க" சொல்லவில்லை.

சிவனணைந்தபெருமாள் பொறுத்துக்கொண்டார். சேலையை எடுத்து நீட்டினார். அவள் இடக்கையை நீட்டினாள்.

"அப்பன் வீட்டுச் சேலைய எந்தக் கையிலட்டி வாங்குத?"

சுடலைமணி பதறிப்போய்க் கீபோர்டின் முன் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினான். அவள் உதட்டின் ஒரு ஓரம் மட்டும் சிரிப்பதுபோலக் கோணியது. "வாங்கண்ணே வாங்க, உக்காருங்க வாங்க, அப்பா எங்கண்ணே" என்று ராகம் போட்டுப் பாடினாள்.

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. "அப்பாவ எரிச்சாச்சுட்டி. நீயும் இன்னையோட செத்துட்ட" என்று சேலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியேறினார். சுடலைமணி எழுந்து பின்னாலேயே ஓடிவந்தான். உள்ளேயிருந்து "அண்ணே" என்று ஒரு குரல் வரவில்லை. உடன்பிறந்தவள் என்ற எண்ணம் இருந்தால் கூப்பிட்டிருப்பாள்.

வாசலில் வல்லிநாயகம் செருப்பைத் தேடிக்கொண்டே, "ஊரு சொன்னது சரிதான் அண்ணாச்சி. அப்பன் செத்ததயும் வெளாட்டாப் பாட்டுக் கட்டுதாவ" என்றார்.

சுடலைமணி குரலை உயர்த்தவில்லை.

"வெளாட்டு இல்ல. பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவளுக்குப் பேச்சு வரல. நான் எதையாவது வாசிச்சா, அதப் புடிச்சிக்கிட்டு ரெண்டு வார்த்த வருது. மாமா போனத நான் அவகிட்டச் சொல்லவே இல்ல."

சாரலில் நனைந்தபடி சிவனணைந்தபெருமாளைப் பார்த்தான்.

"அவ பாடல மச்சான். உங்கள வாங்கன்னு சொன்னா."