முகவரிக்குப் பின்னால் ஒட்டியிருந்தது

காலை வெயில் மேசைவரை வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் பெரிய திரை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று தெரியாமல், ஊழியர்கள் அழைப்புகளைத் தாளில் எழுதிக்கொண்டு ஓடுகிறார்கள். வண்டிகளைத் திரையில் காட்டும் செயலியை நேற்றுதான் கன்டெய்னர் என்னும் தனி மென்பொருள் கூட்டுக்குள் மாற்றினார்கள்; அது தரவுத்தளத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் விழுந்து விழுந்து எழுகிறது. பொறியாளரான பெண், எதை எங்கே தேடுவது என்று அதற்குச் சொல்லும் சூழல் மாறிகளின் கோப்பைத் திறந்து, கர்சரை ஒவ்வொரு வரியின் கடைசிக்கும் நகர்த்துகிறாள். தரவுத்தள முகவரியில் மட்டும் அது எழுத்தை ஒட்டாமல் சற்றுத் தள்ளி நிற்கிறது.

"அண்ணா, முகவரிக்குப் பின்னால ஒரு காலி இடம் ஒட்டிக்கிட்டு இருக்கு!"

"இத்துனூண்டா நம்மள இந்தப் பாடு படுத்துச்சு?" என்கிறார் மேலாளர்.

அழிக்கிறாள். கன்டெய்னரை மறுபடி எழுப்புகிறாள். திரையில் ஒரு வண்டியின் பச்சைப் புள்ளி, பிறகு நாலு, பிறகு நகரம் முழுக்கப் பச்சை. கூடமே ஆர்ப்பரிக்கிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே அழைப்பை எடுத்த பெண் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள்: "பயப்படாதீங்கம்மா, வண்டி உங்க தெருவுக்குள்ள திரும்பிடுச்சு. கதவத் திறந்து வைங்க!"