பொய்க்கம்பி

"இந்த வண்டிக்கு அந்த சைஸ் டயர் உக்காராது தம்பி. உள்ள உரசும். நம்மால ஆவாது."

அந்தோணிராஜ் இப்படிச் சொன்னதும், டீ குடித்துக்கொண்டிருந்த ஹெலினாவுக்குப் புரை ஏறிவிட்டது.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். கணவர் வாயிலிருந்து பொய் வந்து அவள் கேட்டதேயில்லை. அதுவும் சொந்த டயர் கடையில், பட்டப்பகலில், தேடி வந்த ஆளிடம். போன மாதம்தான் பூந்தமல்லிக்காரர் ஒருவருக்கு இதே மாடல் வண்டியில் இதே சைஸ் டயரை மாட்டி அனுப்பினார்கள்.

வந்திருந்தவன் பேர் விக்ரம். ஆவடியிலிருந்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு அம்பத்தூர் வரை வந்திருந்தான். வண்டியென்றால் லேசுப்பட்ட வண்டியில்லை. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த பெரிய கார். பொத்தானை அழுத்தினால் எழும்பும். மறுபடி அழுத்தினால் கோயில் யானை மாதிரி பணிந்து கொடுக்கும். மாதம் ஒரு தடவை கூட்டாளிகளோடு ஜவ்வாது மலைப்பக்கம் போகிறானாம். கல்லிலும் சேற்றிலும் ஓடுகிற முரட்டு டயர் வேண்டுமாம்.

பெரிய டயர் மாட்டினால் வண்டி பணிகிறபோது உரசும், அது வாஸ்தவம்தான். அதற்கு வழியில்லாமலா போய்விட்டது? சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து சொல்கிற குட்டிக் கம்பி ஒன்று உண்டு. அதை மாற்றி வேறு அளவில் மாட்டிவிட்டால், தான் ரொம்பத் தாழ்ந்து கிடப்பதாக வண்டி நினைத்துக்கொண்டு தானாகவே எழும்பி நிற்கும். கடையில் அதற்குப் பொய்க்கம்பி என்று பேர். ஒரு செட் மேசை டிராயரிலேயே கிடந்தது.

"கம்பி மாத்தினா போதும்னு வீடியோல சொல்றாங்களேண்ணா," என்றான் விக்ரம்.

வீடியோவில் ஆயிரம் சொல்லுவார்கள், அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று அந்தோணிராஜ் வெட்டிவிட்டார்.

விக்ரமின் அப்பா ஜெகதீசனும் மகன் கட்சிதான். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சிரித்தார்.

"டாங்கி மேலயே ஏறி எறங்கின ஆளு நான். போடுறதுன்னா பெருசாவே போடுப்பா. அப்பத்தான் வண்டி பாக்க கம்பீரமா இருக்கும்."

இந்த வயசில் இவருக்கு எதற்கு இந்த ஜம்பம் என்று ஹெலினா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அவர் தயவில் இந்த வேலை அமைந்தால் சரிதான் என்றும் இருந்தது. எதிர்வரிசையில் ஏசி போட்ட கடை திறந்ததிலிருந்து இங்கே ஈ ஓட்டுகிறார்கள். கடை நிற்குமா படுக்குமா என்கிற நிலைமையில் இப்படி ஒரு வண்டி வாசலில் வந்து நிற்கிறது.

அந்தோணிராஜ் விடவில்லை. பக்கத்தில் வந்து இரண்டாவது பொய்யையும் எடுத்துவிட்டார்.

"வேற எவனாவது மாட்டித் தரேன்னாலும் ஒத்துக்காத தம்பி. காத்துப் பை வெடிச்சிரும். அப்பால வண்டி வண்டியா இருக்காது."

விக்ரமின் முகம் தொங்கிப்போனது. அப்புறம் கோபம் வந்தது. தொழில் தெரியாதவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய போர்டு என்று கேட்டான். நின்ற இடத்திலேயே போனை எடுத்து, கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, 'நம்பி வராதீர்கள்' என்றும் எழுதினான். அது ஹெலினாவின் போனில் வந்து விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வண்டி உஸ்ஸென்று பணிந்ததையோ, பெரியவர் ஏறி உட்காரக் கொஞ்ச நேரம் ஆனதையோ அவள் கவனிக்கவில்லை.

வண்டி போனதும் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்கூட்டர்காரனை முறைச்சதுக்கெல்லாம் சனிக்கிழமையானா கோயிலுக்கு ஓடி, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு கேக்கிற ஆளாச்சே நீங்க. இந்த வாரம் இதையும் சேர்த்துச் சொல்லுங்க. ரெண்டு பொய். நான் எண்ணி வெச்சிருக்கேன். இவ்ளோ பெரிய பொய்யரோடதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேனான்னு இருக்கு."

அந்தோணிராஜ் கைத்துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அந்தப் பெரியவர் எப்படி எறங்கினாருன்னு பாத்தியா? வண்டி மொத்தமா பணியிற வரைக்கும் காத்துக்கினு இருந்தார். அப்புறம் ரெண்டு கையாலயும் வலது காலைத் தூக்கி ஃபுட்போர்டு மேல வெச்சு, கதவைப் புடிச்சுக்கினு எறங்கினார். நம்ம பொய்க்கம்பியை மாட்டினா வண்டி அந்த அளவுக்குப் பணியாது. டயரோட சேத்து நாலு விரக்கடை உசந்துடும். அவரால ஏற முடியாது."

ஹெலினாவுக்குச் சுருதி இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அதை அந்தப் புள்ளைகிட்ட நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நம்ம பேராவது மிஞ்சியிருக்கும்."

"பெரியவரை பக்கத்துல வெச்சுக்கினா? 'எனக்காகப் பாக்காத, நான் எங்க போகப் போறேன்'னு சிரிச்சுக்கினே சொல்லிட்டு, அதோட ஊட்லயே உக்காந்துடுவார். டயர் வாணாம்னு அவர் வாய் சொல்லாது ஹெலினா. அதான் நான் சொன்னேன்."

அவள் டிராயரை இழுத்து, மேலாகக் கிடந்த பொய்க்கம்பியை அடியில் தள்ளி மூடினாள்.

"சனிக்கிழமை நீங்க போக வேணாம்," என்றாள். "நான் போறேன்."