விரிசல் மேல் கண்ணாடி

"கண்ணாடி உடைஞ்சிருந்தா இடிக்கணும், உடையலைன்னா விடணும். மாமியார் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பை மாத்திட மாட்டீங்களே, மேடம்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார் அடுக்குமாடி. பழைய நூலகத்தை இடித்துக் கடைகள் கட்டத் துடிக்கும் மனிதர். ஊர் அவருக்கு வைத்த பெயர் அது.

"வீட்டுலதான் அவங்க எனக்கு அத்தை. இங்கே நூலகத்தைக் காப்பாத்துற குழுவோட தலைவி. அவ்வளவுதான்," என்றாள் நகராட்சிப் பொறியாளராக வந்திருந்த மருமகள்.

தலைவி சுவரையே பார்த்தாள். வாசிப்பறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். மூன்று மாதத்துக்கு முன் மருமகள் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினாள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்; கட்டடத்துக்கு ஆபத்து. நகராவிட்டால் விரிசலை அடைத்துப் பிழைக்க வைத்துவிடலாம்.

போன வாரம் கண்ணாடி உடைந்து கிடந்ததைத் தலைவி பார்த்தாள். யாரிடமும் மூச்சு விடாமல் அதே அளவில் வேறு கண்ணாடி வெட்டி ஒட்டிவிட்டாள். அன்றோடு தூக்கம் போயிற்று. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, படிக்க வருகிறவர்கள் தலையிலேயே கட்டடத்தைத் தள்ளிவிடுவேனோ?

மருமகள் குனிந்து பார்த்தாள். "முழுசா இருக்கு."

"அதெப்படி? மாத்தி ஒட்டியிருக்காங்க மேடம்! பழசு உடைஞ்சு போச்சே!"

"உடைஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடுக்குமாடி திருதிருவென்று விழித்தார். "அது... சும்மா ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன்..."

தலைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் உடைத்தது சுவர் இல்லை!

மருமகள் இவள் பக்கம் திரும்பினாள். "அத்தை, ஒரு வாரமா எங்க கல்யாணப் போட்டோவுக்குக் கண்ணாடி இல்லை. நானும் கேட்டுக்கலை."

தலைவி தலைகுனிந்தாள். "நான்தாம்மா. புத்தி கெட்டுப் போச்சு."

"பார்த்தீங்களா!" அடுக்குமாடிக்குத் தெம்பு வந்துவிட்டது. "நான் உடைச்சேன், அவங்க ஒட்டினாங்க. மொத்தச் சோதனையும் செல்லாது. நாளையோட கெடு முடியுது. சுவர் நல்லா இருக்குன்னு காட்ட முடியலைன்னா இடிக்கணும்னுதானே உத்தரவு?"

உத்தரவு அப்படித்தான் இருந்தது. தலைவிக்குக் கண் நிறைந்தது. எதிரியின் கடப்பாரை எதற்கு? தன் கையே போதுமென்று ஆகிவிட்டதே!

மருமகள் பக்கத்து அறைக்குப் போனாள், இருவரும் பின்தொடர்ந்தார்கள். அதே சுவரின் மறுபக்கம். அங்கே ஒரு காலி அலமாரி நின்றது.

"இதை நகர்த்தணும். ஆளுக்கொரு பக்கம் பிடிங்க," என்றாள்.

பிடித்தார்கள். அலமாரி விலகியது. பின்னால் அதே விரிசல். அதன் குறுக்கே, மூன்று மாதத் தூசி அப்பிய இன்னொரு கண்ணாடித் துண்டு, கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"சுவரைக் கண்காணிக்க ஒட்டினது இது," என்றாள் மருமகள். "அந்தப் பக்கம் ஒட்டினது, உங்க ரெண்டு பேரையும் கண்காணிக்க."