சிவப்புப் பட்டை

ஆயுள் நீளுமா, பாதியில் முடியுமா என்பதைப் பிறந்தவுடன் சோதித்து நிறமாகச் சொல்லிவிடுவார்கள். தமக்கு வந்தது பச்சையா சிவப்பா என்பதை அந்த ஊரில் எவரும் வெளியில் சொல்வதில்லை, பிறரைக் கேட்பதுமில்லை. பூனைகளுக்கு மட்டும் அந்த மரியாதை வாய்க்கவில்லை. கடையில் ஒவ்வொரு குட்டியின் கழுத்துப்பட்டையிலும் அதன் நிறம் விளக்காக எரிந்தது.

ஜெபராணியின் விரலைக் கவ்விய சாம்பல் நிறக் குட்டி அதை விடுவதாக இல்லை. பட்டை சிவப்பு.

"அது வேண்டாம்க்கா, பாதியிலேயே போயிரும். பச்சையில எடுங்க" என்றார் கடைக்காரர்.

அவள் கணவன் சகாயத்தைப் பார்த்தாள். திருமணத்துக்கு முன் அவனிடம் மட்டும் தன் நிறத்தைச் சொல்லியிருந்தாள். "அப்போ கல்யாணத் தேதியைச் சீக்கிரம் வைக்கச் சொல்லு" என்று சிரித்தவன் அவன். அந்தச் சிரிப்புக்கு அவள் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

"என்னங்க, எடுக்கட்டுமா?"

"அதுதான் உன்னை எடுத்துருச்சே. இனி என்ன கேள்வி?"

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தெரிஞ்சே யாராவது சிவப்பை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?"

கடை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். ஜெபராணி குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, அனைவருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"போவாங்க, அண்ணாச்சி. இவர் என்னைக் கூட்டிட்டுப் போனாரே. நானும் சிவப்புதான்."