பேயாண்டியின் பெரிய மனசு

எழுமலைப் பக்கத்திலேயே முதல் எண்ணெய் இஞ்சினைத் தன் கிணற்று மேட்டில் இறக்கிய அன்று, பேயாண்டி தம்பியைக் கூப்பிட்டார்.

"இனிமே கமலை இறைக்க ஆளு வேணாம்டா. மாட்டை அவுத்து விட்டுட்டு நீ கெளம்பு."

தம்பி கருத்தக்கண்ணனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைப்பான். இறைக்கும்போதே புதுசு புதுசாகப் பாட்டுக் கட்டிப் பாடுவான். நாடகக்காரர்கள் பின்னால் சுற்றித் தன் பங்கு நிலத்தை எப்போதோ விற்றுத் தின்றாயிற்று. அண்ணன் கிணற்றில் கூழுக்கு இறைத்தாலும், கமலை வடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஜமீன்தார் தோற்றுப்போவார்.

"பாட்டாவது பாடிக்கிட்டு இங்கனயே கெடக்கேண்ணே."

"இஞ்சின் சத்தத்துல எவனுக்குடா கேக்கும்? பாடிப் பாடி நீ சேத்தது ஒரு கிழிஞ்ச துண்டு. பாடாம நான் சேத்ததப் பாரு, மூணு கெணறு!"

கருத்தக்கண்ணன் அந்தத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கூடப் பிறந்தவனை இப்படியா விரட்டுவது என்று ஊர் முகம் சுளித்தது. பேயாண்டிக்கு அதிலும் கொஞ்சம் பெருமைதான்.

கொஞ்ச நாள் இஞ்சின் டபடபவென்று ஓடியது. ஒருநாள் விடிந்து பார்த்தால், இஞ்சினையும் பம்பையும் இணைக்கிற தோல் பெல்ட்டைக் காணோம். யுத்த காலம். மதுரையிலிருந்து புது பெல்ட்டு வர மாதக் கணக்காகும். சோளமோ கதிர் வாங்குகிற நேரம்.

யார் வேலை என்று ஊர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது. முகம் சுளித்த அதே ஊர்தான்.

"பொழப்புப் போன வயித்தெரிச்சல். தம்பிக்காரன்தான் ஒளிச்சு வச்சிருக்கான்" என்றார் ஊர்ப் பெரியவர் சிவனாண்டி.

ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூட்டம் கூடியது. கருத்தக்கண்ணன் அழுதேவிட்டான்.

"நான் தொடக்கூட இல்ல! கோயிலுக்கு வாங்க. ஒச்சாண்டம்மன் முன்னால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன்."

"அதான் சரி. அவன் மொதல்ல அணைக்கட்டும். அப்புறம் கெணத்துப் பக்கம் போன அம்புட்டுப் பேரும் அணைங்க. எடுத்தவன ஆத்தா பாத்துக்கிருவா" என்றார் சிவனாண்டி.

பேயாண்டி சட்டென்று எழுந்தார்.

"சத்தியம் கித்தியமெல்லாம் வேணாம்ணே. ஏதோ புத்தி கெட்டுச் செஞ்சுட்டான். என் தம்பிதானே, மன்னிச்சிட்டேன். புது பெல்ட்டு வர்ற வரைக்கும் அவனே வந்து கமலை இறைக்கட்டும்."

கூட்டம் உருகிப்போனது. "இந்த மனசு யாருக்கு வரும்!" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்ட கருத்தக்கண்ணன் தலையைத் தூக்காமல் நடந்தான். பாவமாக இருந்தது.

மறுநாள் கிணற்றுக்கு எதிரே இருந்த பேயாண்டி வீட்டில், தானியம் எடுக்கக் குலுக்கைக்குள் கைவிட்ட அவர் மனைவி முத்துத்தாய்க்கு ஏதோ தோல் தட்டுப்பட்டது. இழுத்தாள். பெல்ட்டு!

ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்த புருஷன் முன்னால் அதை வீசினாள். வெளியே கமலையும் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"நீங்கதானா? ஊரே கொழுந்தனத் துரோகிங்குது! எதுக்கு இந்தக் கூத்து? போயி உண்மையச் சொல்லிட்டு வாங்க!"

பேயாண்டி கண்ணைத் திறக்கவில்லை.

"மெதுவாப் பேசுடி, பாட்டு கேக்கல. இம்புட்டுக் காசைக் கொட்டி இஞ்சின் வாங்கிப்புட்டு, இவன் பாட்டு இல்லாம எனக்கு இருப்புக் கொள்ளலைன்னு சொன்னா ஊரு சிரிக்காதா? அதுக்கு அவன் துரோகியாவே இருந்துட்டுப் போறான்!"