பாதியில் நின்ற நாடகம்

புதிய நாடகங்களுக்கான விருதில் இரண்டே பிரிவுகள். ஏற்கெனவே ஒரு நாடகமாவது மேடையேறியிருந்தால் மூத்தவர் பிரிவு, இல்லையென்றால் வளரும் பிரிவு. பூங்காவனம் இதற்குமுன் எழுதி, கதாநாயகியாகவும் நடித்த ஒரே நாடகம் மழையால் பாதியில் நின்றுபோயிருந்தது. மூத்தவர் பிரிவில், "முழுசா நடக்கலையேம்மா" என்று அவள் புது நாடகத்தைத் திருப்பியனுப்பினார்கள். வளரும் பிரிவில், "அதான் மேடை ஏறிருச்சே" என்று திருப்பியனுப்பினார்கள். கடைசியில் விருதுக் குழுச் செயலாளர் தணிகாசலத்தின் முன்னாலேயே போய் நின்றாள்.

"பாதி நாடகத்துக்கு விதியில இடமில்லம்மா. மீதியப் போட்டுட்டு வாங்க, மூத்தவர்ல சேத்துக்கறேன்" என்றார் அவர், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எங்க சார் போடுறது?"

"எங்க வேணா போடுங்க. யாராவது பார்த்தாச் சரி."

சுற்றிலும் ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பூங்காவனம் செருப்பைக் கழற்றினாள். மேடையேறுமுன் செய்வதுபோலத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் மேசையருகே வந்து வலது கையை உயர்த்தினாள். தணிகாசலம் பதறி எழப் பார்த்தார்.

"நீங்க அப்படியே உக்காருங்க சார். கதாநாயகி அதிகாரிய அறையக் கை ஓங்குனப்பதான் மழை வந்துச்சு."